ஜைனம்பு அக்கா விட்ட இடைவெளி

"மாமா, டேப்புல சவுண்டு சூடா இருக்கும், டிஜிட்டல்ல ஜில்லுனு இருக்கும்னு சொல்றாங்களே, நெஜமா?"

என் தங்கை மகன் பாலு கேட்டான். மீஞ்சூரில் ஒரு படுக்கையறையையும் ஒரு கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்கிறவன் அவன். இந்தக் கேள்வியை அவனுடைய கூட்டாளிகள் எல்லாரும் முறைவைத்து என்னிடம் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. சூடாக இருந்தது மெஷின்தான். அதன் மேல் டீ டம்ளரை வைத்தால் அரை மணி நேரம் ஆறாது. மற்றபடி வீட்டில் இருக்கும் துட்டுக்குள் பதிவு செய்கிறவனுக்கு அன்றும் திண்டாட்டம், இன்றும் திண்டாட்டம்.

அன்றைக்குப் பாலு, பழவேற்காட்டிலிருந்து ஒருவர் கொடுத்தனுப்பிய பழைய ஸ்பூல் டேப் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். முகமெல்லாம் பெருமை.

"பாட்டுக்கு நடுநடுவுல ஒண்ணுமே இல்லாம வெறும் சைலன்ஸா கெடந்துச்சு மாமா. ஒரே பட்டன், எல்லாத்தையும் தூக்கிட்டேன். இப்ப கேளு, நறுக்குனு இருக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எடுத்ததைத் திரும்பப் போடுடா" என்று கத்திவிட்டேன். அவன் இரண்டு விசையைத் தட்டினான். எடுத்ததெல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. "இதுக்கு எதுக்கு மாமா இந்தக் கத்து?" என்றான்.

அவனைச் சொல்லி என்ன. அதே பாட்டில் அதே வேலையை நாற்பது வருஷத்துக்கு முன்னால் செய்தவன் நான். எனக்குத் திரும்பப் போட நான்கு நாள் ஆனது. டேப்புக்கும் டிஜிட்டலுக்கும் என்ன வித்தியாசம் என்று இனிமேல் கேட்கிறவர்களிடம் இந்தக் கட்டுரையைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு குப்பத்தில் பிறந்தவன் நான். பெயர் தேசப்பன். நைனாவுக்குக் கட்டுமரம். எனக்கோ அலை தாண்டினால் வாந்தி. மீனவன் வீட்டில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பொன்னேரியில் ரேடியோ ரிப்பேர் படித்தேன். இரண்டு வருஷம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மைக்செட் கட்டினேன். எழுபதுகளின் நடுவில் பழவேற்காட்டில் சாகுல் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான்.

பாயின் குடும்பம் ஒரு காலத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த குடும்பம். அவர் கைக்கு வந்தபோது கப்பல் போய், பெரிய வீடும் பெரிய பேரும் மட்டும் மிச்சம். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஓர் உறவுக்காரர் விட்டுவிட்டுப் போன ஸ்பூல் மெஷின் ஒன்றும், ஒரே ஒரு மைக்கும் அவரிடம் இருந்தன. வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. சுவரில் சத்தம் மோதி எதிரொலிக்கக் கூடாது என்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி, வலை. நைலான் வலை வந்த பிறகு குப்பங்களில் பழைய பருத்தி வலையை யாரும் சீந்தவில்லை. அதை வாங்கி நான்கு மடிப்பாக மடித்துச் சுவரெல்லாம் தொங்கவிட்டிருந்தார். எதிரொலி போயிற்று, மீன் வாசனை போகவில்லை. "உங்க ரூமுல பாடுனா பசி எடுக்குது பாய்" என்பார் பள்ளிவாசல் தெருவிலிருந்து பாட வரும் ஒருவர்.

காலையில் கடை திறந்ததும் முதல் வேலை துடைப்பது. உப்புக்காற்று ஒரே இரவில் எல்லாவற்றின் மேலும் படிந்துவிடும். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, டேப் உரசிப்போகும் ஹெட்டைத் துடைக்க வேண்டும். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பாய் பக்கத்தில் நின்று பஞ்சை வாங்கிப் பார்ப்பார். இன்னொரு தீக்குச்சியை எடுத்து நீட்டுவார். அது போதும், நமக்குப் புரிந்துவிடும்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அதற்கு அவரிடம் வேறு முறை இருந்தது. சேர்ந்த புதிதில் ஒருநாள், பாடுகிறவர்கள் இரண்டு பாட்டுக்கு நடுவில் வெற்றிலை போட்டுக்கொண்டு கதை பேசியதையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டேன். எல்லாரும் போன பிறகு பாய் அந்த இடத்தைத் தேடி எடுத்து, டேப்பை வெளியே இழுத்துக் கையில் முழம் போட்டார். வலைக்காரர்கள் கயிற்றை அளக்கிற மாதிரி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, ஒன்று, இரண்டு, மூன்று என்று. நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடுகிற டேப் அது. ஒரு முழம் ஓட இரண்டரை நொடிகூட ஆகாது. அவர் முழம் போட்டு முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"அறுபது முழம் வெத்தலப் பேச்சு தேசப்பா," என்றார். "பாட்டு ஓடுனாதான் டேப்பு ஓடணும். சும்மாக் கெடக்குறத எதுக்குப் புடிக்கிற?"

அன்றிலிருந்து என் கட்டைவிரல், டேப்பைச் சட்டென்று நிறுத்தும் பாஸ் லிவரை விட்டு நகரவில்லை. பாடுகிறவர் மூச்சு வாங்கினால் நிறுத்துவேன், இருமினால் நிறுத்துவேன். புது ஸ்பூலுக்குப் பட்டணம் போக வேண்டும், அதற்குக் கையில் துட்டு இருக்கவும் வேண்டும். பழைய ஸ்பூலைத்தான் அழித்து அழித்து உபயோகித்தோம். மூன்று நான்கு வருஷத்தில் நான் லிவரைத் தட்டுவதில் சூரன் ஆகிவிட்டேன். எங்கே நிறுத்தினேன் என்று பாயாலேயே கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கர்வம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

எங்கள் குப்பத்து ஆட்களின் வலை இழுக்கும் பாட்டை ஒருமுறை பதிவு செய்தோம். முன்னறையில் உட்காரவைத்தால் ஒருவருக்கும் பாட்டு வரவில்லை. என் சித்தப்பாதான், "கையில கவுறு இல்லாம எப்டிடா வரும்?" என்றார். வெளியே சவுக்கு மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, எட்டுப் பேரும் அதை இழுத்துக்கொண்டே பாடினார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஏழு பேர் பதில் சொல்லும் பாட்டு. நைனாவும் அப்படித்தான் பாடுவார். ஆக, ஒருவர் கேட்டுப் பலர் சொல்லும் பாட்டு எனக்குத் தெரியாது என்று நான் சாக்குச் சொல்ல முடியாது.

பழவேற்காட்டு முஸ்லிம் வீடுகளில் கல்யாணம் என்றால் பெண்கள் பக்கத்தில் பாட்டு உண்டு. அதில் பெரிய பேர் ஜைனம்பு அக்காவுக்கு. பித்தளைத் தாம்பாளத்தில் தாளம் தட்டிக்கொண்டு பாடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விதான். அந்தப் பெண்கள் வெளி ஆண்கள் முன்னால் பாட மாட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அக்காவின் நாத்தனார் பல்கீஸ், பாயின் வீட்டுப் பெண்கள் வழியாகச் செய்தி அனுப்பினாள். அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அக்காவின் ஒரே மகள் மெஹருக்கு ரம்ஜான் கழிந்து கல்யாணம். ஊரில் எத்தனையோ பெண்களைப் பாடி அனுப்பிவைத்தவர், தன் மகளைப் பாடி அனுப்பக் குரல் இருக்காது. அதனால் இப்போதே பாடி வைத்துவிடுகிறேன், கல்யாணத்தன்று போடுங்கள் என்று கேட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவர்கள் கிளம்ப வேண்டும். பாய் உதிரிப் பாகம் வாங்க நெல்லூர் போயிருந்தார். நான் மட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

சந்தில் ஒரு பெஞ்சைப் போட்டு மெஷினை வைத்தேன். மைக் ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டேன். ஜன்னலுக்குத் திரை. நான் சொல்லச் சொல்லப் பல்கீஸ் உள்ளே மைக்கை வைத்தாள்.

"வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இருக்கணும் அக்கா."

"யாரு சாண்? உன் சாணா, என் சாணா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் ஜைனம்பு அக்கா. கரகரத்த குரல். அவர் என்னிடம் பேசியது அந்த ஒன்றுதான்.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பாட்டு தொடங்கியது.

*ஏரித்தண்ணி எறங்கிப்போச்சே, எப்படி வருவாரு மாப்பிள்ளை?*

பேசியபோது கரகரத்த குரலா இது என்று இருந்தது. வரி முடிந்ததும் அமைதி. ஏழெட்டு நொடி. பிறகு தாம்பாளத்தில் ஒரே ஒரு தட்டு. அடுத்த வரி. மறுபடி அமைதி, மறுபடி ஒரு தட்டு, மறுபடி ஒரு வரி.

பாவம், தொண்டை வலியில் வரிக்கு வரி நின்று மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். என் கட்டைவிரல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. வரி முடிந்ததும் நிறுத்தம். தட்டு கேட்டதும் ஓட்டம். மொத்தம் இருபத்துமூன்று வரி. ஒரு வரியில்கூட முதல் எழுத்தை நான் விடவில்லை. முடிந்ததும் பல்கீஸ், "வந்துச்சா தம்பி?" என்று கேட்டாள். "சுத்தமா வந்துச்சு" என்றேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு வீட்டுக்கு நடந்தேன்.

பாய் ஐந்தாம் நாள் திரும்பினார். அதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது. டேப்பைப் போட்டுக் காட்டினேன். இரண்டு வரி ஓடியதும் அவர் முகம் மாறியது. நான்காவது வரியில் கையை நீட்டி நிறுத்தினார்.

"பதில் எங்க?"

"இன்னா பதில் பாய்?"

"எப்படி வருவாரு மாப்பிள்ளைனு கேக்குதே. தோணி வரும், தோணி வரும், தொடுத்த பூ வாடுமுன்னேனு பொம்பளைங்க எல்லாம் பதில் சொல்லுவாங்க. வரிக்கு வரி கேள்வி, வரிக்கு வரி பதில். அது எங்க?"

"அக்கா மட்டும்தான் பாடுச்சு பாய்."

"பாடிட்டு நிறுத்துச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்தன்று மற்றப் பெண்கள் பதில் பாடுவதற்காக அக்கா ஒவ்வொரு வரிக்குப் பிறகும் இடம் விட்டிருந்தார். மனசுக்குள் பதிலைப் பாடி முடித்துவிட்டுத் தாம்பாளத்தில் தட்டியிருந்தார். அந்த வீட்டில் பிறந்த எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்த விஷயம் என்பதால் என்னிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் இருந்த நான் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வழித்துப் போட்டுவிட்டேன்.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தோம். போடும்போது ஒவ்வொரு வரிக்கும் லிவரைத் தட்டி நிறுத்தினால் என்ன? பத்துத் தடவை முயன்றோம். நான்தான் அவ்வளவு நெருக்கமாக ஒட்டி வைத்திருக்கிறேனே. ஒரு வரி முடிந்தது என்று காது சொல்வதற்குள் அடுத்த வரியின் தலை உள்ளே வந்துவிட்டது. என் சாமர்த்தியம் என்னையே அடித்தது.

பாய் டேப்பைச் சுற்றி டப்பாவில் வைத்தார். பிறகு, "அந்தப் பொம்பள ஊருக்கு வந்ததும் நீயே போய்ச் சொல்லு" என்றார். "கரெண்டு போச்சு, மெஷின் கெட்டுப்போச்சுனு எதையும் சொல்லாத. உள்ளதச் சொல்லு."

பத்து நாள் கழித்துப் போனேன். வாசல் திரைக்கு வெளியே நின்று சொன்னேன். இப்படி ஒரு பேச்சை நான் யாரிடமும் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. உள்ளே சத்தமே இல்லை. அழுகிறாரா, கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை. குரல் போனவரின் கோபம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் திரை ஓரத்தில் நின்ற பல்கீஸ்தான் பேசினாள்.

"அக்கா கையக் காட்டுது. அறுத்து ஒட்ட முடியுமானு கேக்குது."

முடியும். ஆனால் கை தவறினால் போனது போனதுதான். இருப்பது ஒரே டேப், ஒரே மெஷின். வைத்துக்கொள்ள ஒரு நகல் எடுக்கக்கூட வழியில்லை. அந்தக் குரலை இனி யாரும் இரண்டாம் தடவை பாட முடியாது. இதை எல்லாம் சொன்னேன். பல்கீஸ் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "அறுக்கச் சொல்லுது" என்றாள்.

இடைவெளி வைக்க வெற்று டேப் வேண்டும். வேறு கம்பெனி டேப் என்றால் அடியில் கேட்கிற இரைச்சல் மாறி, ஒவ்வொரு இடத்திலும் கதவைத் திறந்து மூடினாற்போல் கேட்கும். அதே வகை டேப் பாயிடம் இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது. அவர் இளவட்டமாக இருந்தபோது வாசித்த ஆர்மோனியம் அதில் இருந்தது. மெஷின் கைக்கு வந்ததும் முதன்முதலில் பதிவு செய்தது. யாருக்கும் போட்டுக்காட்ட மாட்டார், அழிக்கவும் விட மாட்டார். அன்று அவரே அதை மாட்டி, சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்து, ரெக்கார்டு பட்டனை அழுத்தினார்.

"பாய், வேணாம்."

"நான் இன்னா பெரிய வித்வானா? ஜல்தியா பிளேடு வாங்கினு வா" என்றார்.

பதிலின் நீளம் தெரிய வேண்டும். பல்கீஸும் இன்னும் நான்கு பெண்களும் பாய் வீட்டு உள்ளறைக்கு வந்து ஒவ்வொரு பதிலாகப் பாடினார்கள். நான் முன்னறையில் வெற்று டேப்பை ஓடவிட்டு, அவர்கள் முடிக்கிற இடத்தில் வெள்ளைப் பென்சிலால் குறி வைத்தேன். ஒரு பதில் மூன்று முழம் வந்தது. இன்னொன்று மூன்றரை. ஒன்றில் அவர்கள் குலவை இட்டதால் ஐந்து முழம். இருபத்திரண்டு துண்டு. கடைசிக் கேள்விக்கு அப்புறம் அக்காவின் வரி எதுவும் இல்லை, அங்கே டேப் முடிந்தால் முடியட்டும், அதற்கு ஒரு துண்டு தண்டம் என்றார் பாய். நானும் சரி என்றேன்.

பிறகு வெட்டு. இரண்டு ஸ்பூலையும் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டினால் குரல் மாடு கத்துவதுபோல் இழுபட்டுக் கேட்கும். அந்தக் கத்தலில் ஒரு வரியின் கடைசி எழுத்து எங்கே முடிகிறது, அடுத்ததன் முதல் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தது விரல்கடையில் கால்வாசி இடம். குறி வைத்து, மரக்கட்டையில் வெட்டியிருந்த சாய்வுப் பள்ளத்தில் டேப்பைப் படுக்க வைத்து, புது பிளேடால் ஒரே இழுப்பு. பிறகு வெற்றுத் துண்டை நுனிக்கு நுனி சேர்த்து, பின்பக்கம் ஒட்டு நாடா வைத்து, நகத்தால் தேய்த்து, ஓரத்தில் பிதுங்கியதைச் சீவ வேண்டும். ஓர் இடத்துக்கு இரண்டு ஒட்டு. முதல் வெட்டைப் பாய் செய்தார். இரண்டாவதற்குப் பிளேடை என்னிடம் கொடுத்துவிட்டார்.

"தவறிடுச்சுனா இன்னா பண்றது பாய்?"

"எனக்கும் அதே பயந்தான். தப்பு உன்னுது, நீ அறு."

காலை வெளிச்சத்தில் மட்டும் செய்தோம். நான்கு நாள். பதினாலாவது இடத்தில் பிளேடு ஒரு மயிரிழை தள்ளி இறங்கி, 'பொண்ணு' என்ற சொல்லின் தலையைக் கொஞ்சம் தின்றுவிட்டது. பாய் கேட்டார், பெருமூச்சு விட்டார், அடுத்ததைக் காட்டினார்.

கல்யாணம் காலையில். மறுபடி அதே சந்து, அதே பெஞ்சு. இந்தத் தடவை ஜன்னல் வழியாக மைக் ஒயருக்குப் பதில் ஸ்பீக்கர் ஒயர் போயிற்று. பாய் என் பக்கத்தில் நின்றார். எந்த ஒட்டு எப்போது விடுமோ என்று நான் ஸ்பூலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

*ஏரித்தண்ணி எறங்கிப்போச்சே, எப்படி வருவாரு மாப்பிள்ளை?*

உள்ளே இருந்த சலசலப்பு அப்படியே அடங்கியது. வெற்று டேப் ஓடத் தொடங்கியது. உடனே பல்கீஸின் குரல், அதைப் பிடித்துக்கொண்டு இருபது முப்பது குரல்.

*தோணி வரும், தோணி வரும், தொடுத்த பூ வாடுமுன்னே.*

அவர்கள் முடித்ததும் அக்காவின் குரல். அடுத்த வரி. அளவு சரியாக இருந்தது. பாய் என் தோளைப் பிடித்தார், விடவில்லை. பதினாலாவது இடம் போயிற்று, யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இருபத்திரண்டு ஒட்டு இடங்களும் தாங்கின. கடைசி வரி வந்தது. அது அக்கா ஊரில் எல்லாப் பெண்ணுக்கும் பாடியதுதான். புதிதாகச் சேர்த்தது இல்லை.

*பொழுது விடிஞ்சா அந்த ஊட்டுல பெத்தவ கொரலு கேக்குமா?*

டேப் முடிந்தது. நுனி விடுபட்டு, சுற்றும் ஸ்பூலோடு பட் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பதில் இல்லை. பல்கீஸ் பாடவில்லை, யாரும் பாடவில்லை. யாரோ விசும்பினார்கள், அதோடு எல்லாரும் அழத் தொடங்கிவிட்டார்கள். நான் மெஷினை நிறுத்த மறந்து நின்றேன்.

அப்போது ஒரு சின்னக் குரல் தனியாகக் கேட்டது. பழக்கம் இல்லாத குரல், சுருதியும் சேரவில்லை. கல்யாணப் பெண் தலை நிமிரவே கூடாது, பாடுவது என்ற பேச்சே இல்லை. ஆனால் பாடியது மெஹர்தான்.

*கேக்கும் கேக்கும் காதோரம், கெணத்துத் தண்ணி எறைக்கையில.*

பாடி முடித்துவிட்டு, "உம்மா, கேக்கும்மா" என்று ஒருமுறை பேச்சாகவும் சொன்னாள்.